எட்டாம் தண்ணீர்

1995 மே 2, செவ்வாய்க்கிழமை
காலை 6 மணி 10 நிமிடம்
இன்ச்சியோன்

உன்சிலின் அம்மாவுக்கு,

தொலைபேசியில் நான் கூப்பிட்டது பதினோரு முறை. நீங்கள் எடுத்தது பதினோரு முறை. என் பெயரைச் சொன்னதும் வைத்ததும் பதினோரு முறை. ஆகவே கடிதம்.

உங்கள் மகளைக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டேன். "பையனை அவன் இருக்கிற இடத்துலயே பார்த்துட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லி, கோஹுங்கிலிருந்து பஸ்ஸும் ரயிலுமாக ஒன்பது மணி நேரம் வந்தீர்கள். இரண்டு நாள் இருந்தீர்கள். சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் திங்கட்கிழமை முதல் ரயிலில் போய்விட்டீர்கள். காரணம் ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

உன்சிலுக்கு மருத்துவமனையில் வேலை. நாம் இருவர் மட்டும் வோல்மிதோ துறையில் 8.20 படகைப் பிடித்தோம். படகைப் பிடிக்கும் அவசரத்தில் என் கடல்மட்ட அட்டவணையை மேசையிலேயே விட்டுவிட்டேன். இது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

படகு போய்ச் சேர்ந்த கடற்கரையில் ஒரு கடைக்காரம்மா பலகை தொங்கவிட்டிருந்தாள். கடல் வற்றும்போது முயல் திட்டு என்கிற பாறைக்கு நடந்து போகும் வழி எந்தத் தண்ணீரில் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்று. கடல் ஏறி இறங்கும் பதினைந்து நாள் சுற்றில் அன்று எத்தனையாம் தண்ணீர், அதாவது எத்தனையாவது நாள், என்று தெரிந்தால் போதும், நேரத்தைப் படித்துக்கொள்ளலாம். உங்களிடம் கேட்டேன்.

"அம்மா, இன்னைக்கு எத்தனாம் தண்ணி?"

"நிலாக் கணக்குல நாலாம் மாசம் ஒண்ணாந் தேதி. எட்டாம் தண்ணி. கடல் வேலை பாக்குறவன் இதைக்கூடவா கேப்பான்?"

எட்டாம் தண்ணீருக்கு வழி மூடும் நேரம் 1.50 என்று பலகையில் இருந்தது. அதை நம்பித் திட்டுக்கு நடந்தோம். 1.20-க்கு நாம் திரும்பியபோது வழி இல்லை. முழங்காலுக்கு மேல் இழுப்பு. திட்டுக்கே திரும்ப ஏறினோம். 4.25-க்குப் படகு வந்தது. மூன்று மணி ஐந்து நிமிடம்.

படகுக்காரர் சொன்னது உங்களுக்கும் கேட்டது. "எட்டா? யாரு சொன்னா? இன்னைக்கு ஏழுல்ல. வயசானவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு இப்படி வந்து உக்காந்திருக்கீங்களே."

ஏழாம் தண்ணீருக்கு வழி மூடுவது 1.10. வீட்டுக்கு வந்து என் அட்டவணையிலும் பார்த்தேன், பொருந்துகிறது. ஆகவே நான் பலகையைச் சரியாகத்தான் படித்தேன். எண்தான் தவறு. எண் உங்களுடையது.

இதை ஒப்புக்கொண்டால் விஷயம் முடிந்தது. எனக்குக் கோபம் இல்லை. தவறு யாருக்கும் வரும். ஆனால் தவறு நடந்த இடம் தெரியாமல் ஒரு வேலையை மூட எனக்கு வராது. படகில் ஏறியதிலிருந்து நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ரயில் நிலையத்திலும் பேசவில்லை. உன்சிலும் இப்போது என்னோடு பேசுவதில்லை.

பதில் எழுதவும்.

பியோ தேசோக்


1995 மே 5
கோஹுங்

தம்பிக்கு,

கடிதம் வந்தது. மகளைக் கேட்டு வந்தவன் எழுதிய கடிதம் மாதிரி இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கியது மாதிரி இருக்கிறது.

உன் துறைமுகத்தைப் பார்க்கத்தான் வந்தேன், சரி. சனிக்கிழமை ஒரே நாளில் இருபத்திரண்டு பழைய கட்டடம் காட்டினாய். பழைய வங்கி, பழைய தூதரகம், இன்னொரு பழைய வங்கி. ஒவ்வொன்றுக்கும் கட்டிய வருடம் சொன்னாய். பூங்காப் படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றால் கடிகாரத்தைப் பார்த்தாய். சீனத் தெருவில் கறுப்பு நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாய், நான் பாதி தின்பதற்குள் எழுந்து நின்றாய். நான் என்ன ரயிலா, தட்டை எடுத்துவிட்டால் கிளம்பிவிட?

நீ வேலை பார்க்கும் துறைமுக மதகு மட்டும் எனக்குப் பிடித்தது. வெளியே கடல் ஆறு ஆள் உயரம் இறங்கிக் கிடக்கிறது, உள்ளே கப்பல்கள் நிறைகுடத்தில் நிற்கின்றன. "கடலுக்கே பூட்டுப் போட்டுட்டீங்களா" என்று கேட்டேன். நீ முதல் முறையாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சரி சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அன்றே சொல்லாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். நாற்பத்தொரு வருடமாகச் சேற்றுப் பலகையில் ஒரு காலை மடக்கி வைத்து, மறுகாலால் தள்ளி மட்டி பொறுக்கியவள் நான். நாலாம் மாதம் ஒன்றாம் தேதி எட்டாம் தண்ணீர். இரண்டாம் தேதி ஒன்பது. மூன்று பத்து, நான்கு பதினொன்று, ஐந்து பன்னிரண்டு, ஆறு பதின்மூன்று, ஏழு பதினான்கு. எட்டாம் தேதி சிறுதண்ணீர், அன்று கடல் ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது. ஒன்பதாம் தேதி மறுபடியும் ஒன்றாம் தண்ணீர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தனித் தாளில் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதில் எழுதுகிறேன்.

எட்டு என்றால் எட்டு. நீதான் பலகையை மாற்றிப் படித்திருக்கிறாய். அந்தப் படகுக்காரன் குடித்திருந்தான்.

கழுத்து வரை தண்ணீர் வந்தாலும் யார் தவறு என்று எழுதி வைத்துக்கொண்டிருப்பவனுக்கு என் மகளை எப்படிக் கொடுப்பது? யோசிக்கிறேன். யோசிக்கிறவளைத் துரத்தாதே. போனும் செய்யாதே. முழங்கால் வலி, அடிக்கடி எழுந்து வந்து எடுக்க முடியவில்லை.

சோன் மல்சூன்


1995 மே 8, திங்கட்கிழமை
இரவு 7 மணி 30 நிமிடம்
இன்ச்சியோன்

உன்சிலின் அம்மாவுக்கு,

இன்று பெற்றோர் தினம். பூ அனுப்பவில்லை. தபாலில் மூன்று நாள் கிடந்து வாடிவிடும்.

நேற்று விடுமுறை. அதே 8.20 படகில் அதே கடற்கரைக்குப் போனேன். மூன்று பேரைக் கேட்டேன். கடைக்காரம்மா, படகுக்காரர், வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர். மூவரையும் தனித்தனியாக, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் கேட்டேன். நாலாம் மாதம் ஒன்றாம் தேதி என்ன தண்ணீர்? ஏழு, ஏழு, ஏழு. படகுக்காரர் குடிக்கவில்லை. அவருக்கு வயிற்றில் புண், ஐந்து வருடமாகக் குடிப்பதில்லையாம்.

பலகையைப் படம் எடுத்திருக்கிறேன். உள்ளே வைத்திருக்கிறேன். மேலிருந்து ஏழாவது வரி 1.10, எட்டாவது வரி 1.50. மாற்றிப் படிக்க வாய்ப்பே இல்லை.

உன்சிலை மருத்துவமனை வாசலில் பிடித்தேன். இரண்டு நிமிடம் நின்றாள்.

"அம்மாகிட்ட சரி பண்ணிட்டு வா" என்றாள்.

"அதைத்தான் பண்ணிட்டிருக்கேன். மூணு சாட்சி வாங்கியிருக்கேன்."

"எண்ணைச் சரி பண்ணச் சொல்லல தேசோக். அம்மாவை."

எண்ணைச் சரிபார்க்காமல் அம்மாவை எப்படிச் சரிபண்ணுவது? கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கழுத்து வரை தண்ணீர் வரவில்லை. திட்டின் உச்சி நனைய இன்னும் இரண்டரை அடி ஏற வேண்டியிருந்தது. இதை அங்கேயே சொன்னேன். "வாயை மூடிக்கிட்டு சிப்பியைத் தின்னு" என்றீர்கள். என் திருப்புளியை வாங்கிப் பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளை நெம்பித் திறந்தீர்கள். பதினான்கு. அதில் எனக்கு ஒன்பது கொடுத்தீர்கள். பிறகு என் சட்டைக் கையில் திருப்புளியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தீர்கள். உங்கள் பூப்போட்ட தலைத்துணியைக் கழற்றி, "உயரமா இருக்கே, நீ ஆட்டு" என்றீர்கள். நான் ஆட்டினேன். அந்த மூன்று மணி நேரத்தில் நீங்கள் பயந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் பயந்தேன். அதை அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஆகவே உங்கள் கோபம் திட்டில் வரவில்லை. படகில்தான் வந்தது. ஏழு என்று கேட்ட பிறகு.

இதற்கு ஒரே வழி. உங்கள் ஊர் மீனவர் சங்கம் தரும் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் தண்ணீர் எண் அச்சிட்டிருக்கும் என்று உன்சில் முன்பு சொல்லியிருக்கிறாள். ஏப்ரல் பக்கத்தைக் கிழித்து அனுப்புங்கள். நாம் திட்டுக்குப் போன 30-ஆம் தேதிக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுவே முடிவு. ஏழு என்றால் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன். அச்சு யார் பக்கமும் சாயாது.

பியோ தேசோக்


1995 மே 12
கோஹுங்

தம்பிக்கு,

பக்கத்தைக் கிழித்தேன். எப்படிக் கிழித்தேன் என்று சொல்கிறேன்.

பகலில் கிழிக்கவில்லை, விளக்கு வைக்கும் நேரத்தில், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கிழித்தேன். நான்காய் மடித்து, சோற்றுப் பருக்கை தேய்த்து ஓரமெல்லாம் ஒட்டியிருக்கிறேன். 30-ஆம் தேதியை நான் பார்க்கவில்லை. ஊருக்கு வந்த நாளிலிருந்து காலண்டர் தொங்கும் அந்தச் சுவர்ப் பக்கமே பார்க்கவில்லை.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவள். இந்தச் சேற்றில் அவளைப் போலப் பலகை தள்ள ஆள் கிடையாது. அறுபதாவது வயதில் ஒரு நாள் காலையில் வாசலில் நின்று, "மல்சூன், வா, இன்னைக்குப் பத்தாம் தண்ணி, நல்லா வத்தும்" என்றாள். அன்று சிறுதண்ணீர். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த வருடம் ஒரு நாள் கடல் ஏறிக்கொண்டிருக்கும்போது பலகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து இழுத்து வந்தோம். அவளிடமிருந்து முதலில் போனது தண்ணீர் எண்தான். பிறகு அடுப்பு போயிற்று. பிறகு என் பெயர். இப்போது மகன் வீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். நான் போனால், "நீங்க எந்த ஊரு" என்று மரியாதையாகக் கேட்கிறாள்.

எனக்கு இப்போது ஐம்பத்தொன்பது.

அந்தப் படகுக்காரன் ஏழு என்றதும் எனக்குப் பயம் வந்தது. திட்டில் வரவில்லை, நீ சொன்னது சரி. நீ கொடுத்த ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு உள்ளுக்குள்ளே எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்று எட்டு, இரண்டு ஒன்பது. எத்தனை தடவை எண்ணினாலும் எட்டுதான் வருகிறது. அக்காவுக்கும் பத்துதானே வந்தது. அவளும் நிச்சயமாகத்தானே சொன்னாள்.

முழங்காலில் வலி ஒன்றும் இல்லை. சேற்றுக்குப் போகப் பயம். மற்றவர்கள் வாசலில் வந்து, "இன்னைக்குப் பன்னெண்டு, வரலையா" என்று எண்ணைச் சொல்லிக் கூப்பிடும்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறேன். இன்றைக்கு என்ன எண் என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? அன்றைக்கு என் வாயில் என்ன வந்தது, அதுதானே கேள்வி.

உன்சிலுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு உன் மேல் உள்ள ஆசையும் எனக்குத் தெரியும். அதனால்தான் உனக்குச் சரியும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. சரி சொன்னால், கல்யாணமான மறுவருடமே ஒரு பைத்தியக்காரியை உங்கள் தலையில் கட்டியது போல ஆகும். இல்லை என்றால் அவளை எனக்காக இங்கே பிடித்து வைத்தது போல ஆகும்.

எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. நீ பார். நீ வருத்தப்படாமல் உண்மை சொல்கிறவன், அதை இரண்டு கடிதத்தில் பார்த்துவிட்டேன். எட்டு என்றால் எனக்கு எழுது. ஏழு என்றால் எனக்கு எழுத வேண்டாம். உன்சிலிடம் சொல். மருத்துவமனை வாசலில் இரண்டு நிமிடத்தில் சொல்லாதே, எங்கேயாவது உட்கார வைத்துச் சொல்.

சோன் மல்சூன்


தந்தி
1995 மே 15, பகல் 12 மணி 25 நிமிடம்
இன்ச்சியோன்

எட்டு. அச்சில் எட்டு. 30-ஆம் தேதி எட்டு. உங்கள் தலை சரி. கடிதம் வருகிறது. பியோ.


1995 மே 15, திங்கட்கிழமை
மாலை 6 மணி 45 நிமிடம்
இன்ச்சியோன்

அம்மாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். தபால்காரர் மிதிவண்டியில்தான் வருவார் என்றார்கள், அதனால் அவசரம் என்று இரண்டு முறை சொன்னேன்.

கடிதம் 11.40-க்குக் கைக்கு வந்தது. மதகில் நின்றிருந்தேன், உள்ளே வர ஒரு சரக்குக் கப்பல் காத்திருந்தது. கடிதத்தைப் படித்தேன். மடித்த பக்கத்தை உடனே திறக்கவில்லை. நான்கு நிமிடம் கையிலேயே வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு எண்ணைப் பார்க்க நான் தாமதித்தது இதுவே முதல் முறை. பிறகு விரலில் இருந்த மசகெண்ணெயோடு பிரித்தேன். பருக்கை நன்றாக ஒட்டியிருந்தது, 12-ஆம் தேதி கிழிந்துவிட்டது. 30-ஆம் தேதி கிழியவில்லை. எட்டு. கறுப்பு மையில், தெளிவாக.

தபால் நிலையத்துக்கு ஓடினேன். மேற்பார்வையாளர் பின்னாலிருந்து கத்தினார். கப்பல் இருபது நிமிடம் தாமதமாக உள்ளே வந்தது. பரவாயில்லை.

பிறகுதான் யோசித்தேன். உங்கள் அச்சில் எட்டு. எங்கள் ஊர்க் காலண்டரை எடுத்துப் பார்த்தேன், அதே நாளில் ஏழு. இரண்டும் அச்சு. இரண்டும் மீனவர்கள் படிப்பது. யோசுவிலிருந்து வந்த மண் அள்ளும் கப்பல் ஒன்று உள்ளே நிற்கிறது, அதன் கேப்டனுக்கு உங்கள் பக்கத்து ஊர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"தெக்க நாங்க ஒண்ணு கூடத்தான் எண்ணுவோம்" என்றார்.

"ஏன்?"

"சிறுதண்ணிக்கு மறுநாளே நாங்க ஒண்ணாம் தண்ணின்னு ஆரம்பிச்சுடுவோம். இங்க உங்காளுங்க அந்த நாளுக்கு எண்ணே கொடுக்காம சும்மா விட்டுட்டு, அதுக்கு மறுநாள்தான் ஒண்ணுன்னு ஆரம்பிப்பாங்க. ஒரு நாள் பின்னாடியே வருவாங்க. அடுத்த சிறுதண்ணி வரைக்கும் அப்படியே ஓடும். கடலுக்கே கதவு போடுற இன்ஜினியர், இது தெரியாதா உனக்கு?"

தெரியாது. நான்கு வருடமாகக் கடல்மட்டத்தோடு வேலை செய்கிறேன், இது தெரியாது. அச்சான அட்டவணையில் அடியும் அங்குலமும் பார்க்கிறவன் நான். தண்ணீர் எண் என்பது எல்லாக் கரைக்கும் ஒன்றுதான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எங்கள் வேலையில் ஒரு அளவைப் படிப்பதற்கு முன் அளவுகோலின் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். அது முதல் நாள் பாடம். உங்கள் எண்ணை எங்கள் ஊர்ப் பலகையில் வைத்துப் படித்தேன். பூஜ்யத்தைக் கேட்கவில்லை. ஆகவே நீங்கள் சொன்ன எட்டு சரி. படகுக்காரர் சொன்ன ஏழும் சரி. 1.10-க்கும் 1.50-க்கும் நடுவே உள்ள அந்த நாற்பது நிமிடம் முழுக்க என் தவறு.

மூன்று சாட்சி என்று எழுதினேன். மூவரும் இந்த ஊர்க்காரர்கள். ஒரே அளவுகோலால் மூன்று முறை அளந்துவிட்டுச் சரிபார்த்தேன் என்று சொன்னேன். அந்தக் கடிதங்களில் நான் எதை நிரூபித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசை. ஆனால் எழுதியிருப்பேன், வேறு மாதிரி.

மன்னிக்கவும். இந்த வார்த்தையை நான் எழுதி நாளாயிற்று.

உன்சிலிடம் எதுவும் சொல்லவில்லை. ஏழு என்றால் சொல்லச் சொன்னீர்கள். எட்டு என்பதால் அது உங்களுடைய விஷயம்.

நாளைக்கு உங்கள் ஊரில் என்ன தண்ணீரோ, சேற்றுக்குப் போங்கள்.

பியோ தேசோக்


1995 மே 19
கோஹுங்

மாப்பிள்ளைக்கு,

ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன். இனிமேல் 'நீங்கள்' என்று எழுத வேண்டுமாம். பழக வேண்டும். இந்தக் கடிதத்தில் பாதியில் வழுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தந்திக்காரன் வந்தபோது வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். அவளே பிரித்துப் படித்தாள். "எட்டு, எட்டு, உங்கள் தலை சரி... என்னடி இது, உளவாளியா உனக்குத் தந்தி அடிக்கிறான்?" என்றாள். நான் பூண்டுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். கண் எரிந்தது. பூண்டால்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை, உட்கார்ந்து மீதிப் பூண்டை அவளே உரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சேற்றுக்குப் போனேன். பதினேழு நாள் போகாததில் பலகை காய்ந்து விரிசல் விட்டிருந்தது. கயிறு சுற்றிக்கொண்டு போனேன். போகும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். "தெரியும்டி, எங்களுக்கும் தெரியும்" என்று கத்தினார்கள். எனக்குப் பாட்டுக் கேட்பது போல இருந்தது.

உங்கள் ஊர்க்காரர்கள் ஒரு நாளைக்குப் பெயர் வைக்காமல் சும்மா விடுகிறார்களாமே. பிள்ளை பெற்றுவிட்டுப் பெயர் வைக்க மறந்தவர்கள் மாதிரி. இவர்களிடம் கப்பலைக் கொடுத்திருக்கிறார்கள்.

உன்சிலிடம் நானே போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். முதலில் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு நர்ஸ் ஆகிவிட்டாள். எப்படியானாலும் ஒரு தடவை இன்ச்சியோன் வந்து டாக்டரைப் பார், பெரியம்மாவுக்கு வந்திருக்கிறதே என்கிறாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்போது அந்தப் படிக்கட்டு வேண்டாம். அந்த மதகுப் பக்கம் ஒரு பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு, நீ உன் வேலையைப் பார். கப்பல் ஏறுவதையும் இறங்குவதையும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பு நூடுல்ஸை முழுசாகத் தின்ன விடுங்கள்.

ஏன் சரி சொல்கிறேன் என்று கேட்பீர்கள். உங்களுக்குக் காரணம் வேண்டுமே. சொல்கிறேன். அக்காவுக்கு எண் தப்பியபோது நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. மனசு கஷ்டப்படுமே என்று, "ஆமாக்கா, பத்துதான்" என்றோம். ஒரு வருடம் அப்படியே போயிற்று. கடல் ஏறும்போது அவள் உள்ளே போனதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். ஏழு என்றால் என் முகத்துக்கு நேராக ஏழு என்பீர்கள், தேதி போட்டு, மணி போட்டு. என்றைக்காவது ஒரு நாள் நான் நிஜமாகவே தப்பாகச் சொல்வேன். இல்லாமலும் போகலாம். சொன்னால் அன்றைக்கும் ஒரு தந்தி அடித்துவிடுங்கள். அப்படி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் எனக்குப் பயம் இல்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு. நிலாக் கணக்கில் எட்டாம் மாதம் இருபத்து மூன்றாம் தேதி, சிறுதண்ணீர். அன்று ஒருத்தியும் சேற்றுக்குப் போக மாட்டாள், ஊரே கல்யாணத்துக்கு வரும். இந்தப் பக்கம் எல்லாக் கல்யாணமும் சிறுதண்ணீரில்தான். உங்கள் ஊர்க் கணக்கில் அன்றைக்கு என்ன கூத்தோ, பார்த்துச் சொல்லுங்கள்.

தனியாக ஒரு பொட்டலம் வருகிறது. மட்டி, உப்புத் தண்ணீரில் வேகவைத்தது. ஒன்பது எனக்கு, ஐந்து உனக்கு என்று எண்ணிக்கொண்டிருக்காமல் தின்னுங்கள்.

உன்சிலின் அம்மா
(இனி உங்களுக்கும்)


1995 மே 23, செவ்வாய்க்கிழமை
காலை 5 மணி 50 நிமிடம்
இன்ச்சியோன்

அத்தைக்கு,

மட்டி வந்தது. எண்ணவில்லை. உன்சில் முக்கால்வாசி தின்றாள், கண்ணால் பார்த்த அளவில்.

நேற்று மாலை அவளே மதகுக்கு வந்தாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மாகிட்ட மன்னிப்புன்னு எழுதினியாமே, அம்மா அதை ஊர் பூரா படிச்சுக் காட்டிட்டாங்க" என்றாள். பரவாயில்லை.

செப்டம்பர் 17-ஐ இரண்டு காலண்டரிலும் பார்த்தேன். உங்களுடையதில் சிறுதண்ணீர். எங்களுடையதிலும் சிறுதண்ணீர். அந்த ஒரு நாளில் இரண்டு கரையும் ஒரே பெயர்தான் சொல்கின்றன. மறுநாள் காலையிலிருந்துதான் மறுபடி பிரிகின்றன. அது பழகிவிடும்.

தந்தி அடிக்கச் சொன்னதை நன்றாக யோசித்தேன். அடிப்பேன். மணி போட்டு அடிப்பேன். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு ஊர்க் காலண்டரையும் பார்த்துவிட்டுத்தான் அடிப்பேன்.

இனி செய்யப் போவது:

1. இந்த ஞாயிற்றுக்கிழமை 8.20 படகில் கடற்கரைக்குப் போய், கடைக்காரம்மாவின் பலகையில் தண்ணீர் எண்ணுக்குப் பக்கத்தில் சந்திர மாதத் தேதியையும் எழுதுவது. பெயிண்ட் வாங்கிவிட்டேன். அவள் சம்மதம் இன்னும் வாங்கவில்லை.

2. படகுக்காரரிடம், அன்று எட்டு என்று சொன்ன அம்மாவுக்குத் தலை சரியாகவே இருக்கிறது என்று நேரில் சொல்வது.

3. அட்டவணையைச் சட்டைப் பையில் வைப்பது. மேசையில் வைப்பதில்லை.

4. ஜூன் 10-ஆம் தேதிக்குள் உன்சிலின் மருத்துவமனையில் உங்களுக்கு நேரம் வாங்குவது. கூட நானும் வருவேன். வெளியே உட்கார்ந்திருப்பேன்.

5. மதகுப் பக்கம் பெஞ்சி போடுவது. அங்கே பெஞ்சி இல்லை, பார்த்துவிட்டேன்.

6. நீங்கள் நூடுல்ஸ் தின்று முடிக்கும் வரை எழுந்திருக்காமல் இருப்பது.

7. இனிக் கடற்கரைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதலில் உங்களிடம், "இன்னைக்கு எத்தனாம் தண்ணி" என்று கேட்பது. நீங்கள் சொன்னதில் ஒன்றைக் கழித்துக்கொள்வது.

தேசோக்